அசையாத லென்ஸ் வளையம்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பழைய கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உள்ளே பூஞ்சை பிடிக்கும். திறந்து துடைக்கலாம் என்று உட்கார்ந்தால், கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் வளையம் அசையாது. அது தொடர்பாக வந்த கேள்விகளில் சில, கேட்டவர்களின் வட்டாரப் பெயரோடு இங்கே.

தெம்பனிஸ்: அண்ணே, அப்பா சுங்கை ரோடு சந்தையில் வாங்கிய சூப்பர் டக்குமார் (பென்டாக்ஸின் பழைய வகை) 55 மி.மீ. லென்ஸ் என்னிடம் இருக்கிறது. பெயர் பொறித்த முன் வளையத்தில் ஓட்டையும் இல்லை, வெட்டும் இல்லை. எதைப் பிடித்துத் திருப்புவது?

எதையும் மாட்டித் திருப்புகிற வளையம் இல்லை தம்பி அது. ரப்பரை வைத்து அழுத்தி, அந்தப் பிடியிலேயே திருப்ப வேண்டும். ஃபில்டர் மாட்டும் வாய் 49 மி.மீ.; அதற்குள் நுழைகிற, நடுவில் குழிவான ரப்பர் வட்டு வேண்டும். ரப்பர் அந்தப் பெயர் வளையத்தில்தான் பட வேண்டும், கண்ணாடியில் படக்கூடாது. வளையத்தையும் ரப்பரையும் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு முயலுங்கள். கைரேகை எண்ணெய் கொஞ்சம் இருந்தாலும் வழுக்கும். 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள். அங்கே வாங்கியதுபோல இன்னொன்று சுலபத்தில் கிடைக்காது, அவசரப்படாதீர்கள்.

ஈசூன்: என் லென்ஸின் பின் வளையத்தில் எதிரெதிராக இரண்டு வெட்டு இருக்கிறது. லென்ஸ் ஸ்பேனரை (வெட்டுகளில் மாட்டும் இரண்டு கால் கருவி) மாட்டித் திருப்பினால் வழுக்கி வெளியே வருகிறது. வெட்டின் ஓரம் கொஞ்சம் தேய்ந்தும்விட்டது. டபிள்யூடி-40 அடித்து ஊறவைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். எண்ணெய் மரையோடு நிற்காது. மெல்லப் பரவி, உள்ளே வரும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் இதழ்களுக்குப் போய்விடும். இதழ்கள் ஒட்டிக்கொண்டால் வேலை இரட்டிப்பு.

முதலில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை எடுங்கள். வளையம் ஏன் வரவில்லை என்று தெரியாமல் பலம் போடக்கூடாது. லென்ஸின் பக்கவாட்டில், குழாய்ச் சுவரில் பொட்டு மாதிரி குட்டி ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள். சில லென்ஸில் வளையத்தை அதுதான் பூட்டி வைத்திருக்கும்; அதைத் தளர்த்தாமல் யானை வந்தாலும் திருப்ப முடியாது. ஸ்க்ரூ இல்லை என்றால் வளையத்தின் விளிம்பைப் பாருங்கள். பளபளப்பாக ஒரு வார்னிஷ் துளியோ கோடோ தெரியும். தொழிற்சாலையில் வளையம் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க வைத்தது.

அந்த வார்னிஷைக் கரைக்க அசிட்டோன். பல்குச்சி முனையில் தொட்டு, குண்டூசித் தலை அளவு, வளையமும் குழாயும் சேரும் கோட்டில் மட்டும் வையுங்கள். லென்ஸைச் சாய்த்துப் பிடித்தால் துளி விளிம்பிலேயே தங்கும். அதிகம் விட்டால் கண்ணாடியின் ஓரத்தில் பூசிய கறுப்பு வண்ணம் கரைந்து உள்ளே ஓடும், அதைத் திரும்பப் பூசுவது பெரிய தலைவலி. சில நிமிடம் விட்டு இன்னொரு துளி. சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் பொறுமையாகத் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். சன்னலைத் திறந்து வையுங்கள்; பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது.

அப்புறம் ஸ்பேனர். முனை வெட்டின் அகலத்தை முழுக்க நிரப்ப வேண்டும். ஒல்லியாக இருந்தால் ஆடும், ஆடினால் ஏறி வரும், ஏறி வந்தால் கண்ணாடியில் கோடு. தடியாக இருந்தால் அரம் கொண்டு தேய்த்துப் பொருத்துங்கள். இரண்டு கால்களையும் இடைவெளி மாறாதபடி இறுக்கிவிடுங்கள். காகிதத்தை வட்டமாக வெட்டிக் கண்ணாடியை மூடிவிடுங்கள். லென்ஸை மேசைமேல் ரப்பர் விரிப்பில் வைத்து, உடம்பின் பாரத்தைக் கீழ்நோக்கிக் கொடுங்கள். திருப்புவதற்குக் கொஞ்சம் போதும். பெரும்பாலானவர்கள் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். ஒரு சின்ன உத்தி: முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைத்துவிட்டு, பிறகு கழற்றும் திசையில் திருப்புங்கள். காய்ந்த பூச்சு அந்த அசைவில் உடையும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஈசூன் (மறுபடியும்): ஹேர் டிரையர் வைத்துச் சூடுபடுத்தினால் விரிந்து கழன்றுவிடும் என்கிறார்களே?

பாதி சரி. அலுமினியம் பித்தளையைவிட அதிகம் விரியும். வெளிக்குழாய் அலுமினியம், உள்ளே வளையம் பித்தளை என்றால் சூடு உதவும். பழைய லென்ஸில் சிலசமயம் தலைகீழ்: குழாய் பித்தளை, வளையம் அலுமினியம். அப்போது மொத்தமாகச் சூடாக்கினால் இன்னும் இறுகும். இருந்தாலும் வார்னிஷ் இளகும் என்பதால் மிதமான சூட்டில் பயன் உண்டு. கையால் தொட்டுப் பிடிக்க முடிகிற சூடு போதும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் லென்ஸில் அதற்கு மேல் போனால் நடுவில் இருக்கும் பசை கெடலாம். ஹீட் கன் பக்கம் போகவே வேண்டாம்.

செங்காங்: அங்கிள், அசிட்டோனுக்குப் பதில் அம்மாவின் நெயில் பாலிஷ் ரிமூவர் போதாதா?

போதாதும்மா. அதில் வாசனையும் எண்ணெய்ப் பசையும் கலந்திருக்கும். காய்ந்தபின் கறை தங்கும். சில வகைகளில் அசிட்டோனே இருக்காது. ஹார்ட்வேர் கடையில் சுத்தமானது கேட்டு வாங்கு. ஆனால் வளையமோ குழாயோ பிளாஸ்டிக் என்றால் அசிட்டோனையே மறந்துவிடு, உருகிவிடும்.

புக்கிட் பாத்தோக்: லென்ஸ் கீழே விழுந்து ஃபில்டர் விளிம்பு நெளிந்திருக்கிறது. அதற்குள் இருக்கும் வளையம் பாதியில் நின்றுவிட்டது.

மரை நசுங்கியிருக்கிறது. எந்தத் திரவமும் உதவாது. முதலில் நெளிவை உள்ளிருந்து மெல்ல வெளியே தள்ள வேண்டும். அதற்கென்றே லென்ஸ் வைஸ் இருக்கிறது. கருவி இல்லை என்றால் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் பழைய கேமராக் கடைகளில் காட்டிக் கேளுங்கள். குறடு வைத்து நெம்பாதீர்கள்.

பிடோக்: சூப்பர் டக்குமார் 50 மி.மீ. 1.4, கண்ணாடி மஞ்சளாக இருக்கிறது. வளையத்தைக் கழற்றித் துடைத்தால் போகுமா?

போகாது. அது அழுக்கு இல்லை. அந்தக் கண்ணாடியில் தோரியம் சேர்ந்திருக்கிறது. அதன் கதிர்வீச்சால் காலப்போக்கில் கண்ணாடியே நிறம் மாறும். புற ஊதா விளக்கின் கீழ் நாள்கணக்கில் வைத்தால் தெளியும். வெயிலிலும் ஆகும், ஆனால் லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைக் கொளுத்திவிடக்கூடும். வளையத்தைத் தொடாதீர்கள்.

தெம்பனிஸ்: திரும்ப மாட்டும்போது எவ்வளவு இறுக்க வேண்டும்? மறுபடி வார்னிஷ் வேண்டுமா?

கையில் எதிர்ப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். கண்ணாடிமீது அதிக அழுத்தம் விழுந்தால் படம் மங்கும். மரையில் பசை எதுவும் வேண்டாம். விளிம்பில் ஒரே இடத்தில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்தால் போதும். அடுத்த முறை திறப்பவர் உங்களை வாழ்த்துவார். மாட்டும் முன் உள்ளே மெல்லிய தகட்டு வளையங்கள் இருந்தனவா என்று கழற்றும்போது எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரிசை மாறினால் முடிவிலிக்கு, அதாவது வெகு தொலைவில் இருப்பதற்கு, ஃபோகஸ் வராமல் போகலாம்.