தண்ணீராகக் கொட்டும் கண்ணுக்கு வறட்சியா?

கேள்வி: எனக்கு வயது 57. கானாடுகாத்தானில் ஓலைக்கொட்டான் முடைகிறேன். ஒரு வருடமாகக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, காற்றுப் பட்டால் தண்ணீர் கொட்டுகிறது. ‘இமையில் எண்ணெய்ச் சுரப்பி அடைத்திருக்கிறது, கடுமையான கண் வறட்சி’ என்கிறார்கள். கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்தும், தும்மலுக்கு மாத்திரையும் எடுக்கிறேன். எனக்கு ஏன் இவ்வளவு கடுமையாக வந்தது?

பதில்: ஆச்சி, உங்களுக்குக் குறைவது தண்ணீர் அல்ல, எண்ணெய். இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள் நாம் கண் சிமிட்டும்போது எண்ணெயை வெளியிடும். அது கண்ணீரின் மேல் படலமாகப் படர்ந்து, ஆவியாகாமல் காக்கும். எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொண்டால் கண்ணீர் சீக்கிரம் காயும். அந்த எரிச்சலில்தான் கண் இன்னும் தண்ணீரைக் கொட்டுகிறது.

கடுமையாவதற்கு ஒரே காரணம் இருப்பது அரிது. வயது, மாதவிடாய் நின்றபின் வரும் ஹார்மோன் மாற்றம் இரண்டும் முக்கியம். ஓலையையே உற்றுப் பார்த்து முடையும்போது சிமிட்டுவது குறையும், அதுவும் பாதிச் சிமிட்டலாகிவிடும். செல்போன் பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். முகத்துக்கு நேராகச் சுழலும் மின்விசிறி, இமையின் உள்விளிம்பில் தீட்டும் மை, தும்மல் மாத்திரை எல்லாம் சேர்ந்துகொள்ளும். அழுத்தச் சொட்டு மருந்தில் உள்ள பதப்படுத்தும் பொருளும் கண்ணை உறுத்தும். ஆனால் அந்தச் சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பார்வையே போய்விடலாம். பதப்படுத்தும் பொருள் இல்லாத வகை கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் அதையும் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.

நெடுநாள் அடைபட்ட சுரப்பி சுருங்கிப்போகும், போனது பெரும்பாலும் திரும்புவதில்லை. அதனால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். சுத்தமான துணியை வெந்நீரில் பிழிந்து, மணிக்கட்டில் சூடு பார்த்து, மூடிய இமைமேல் 10 நிமிடம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவுங்கள். தினம் இரண்டு வேளை, பல வாரங்கள் செய்தால்தான் பலன் தெரியும்.

நான் மிகவும் அஞ்சுவது மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ‘சிவப்பு போக்கும்’ சொட்டு மருந்தை. அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண் அழுத்தம் ஏறலாம். உங்களுக்கு அது பெரிய ஆபத்து. விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள்.

வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், சிமிட்டினாலும் தெளியாத மங்கல் இருந்தால் கருவிழியில் புண்ணாகியிருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.