ஜிங்க் குறைவு, எலும்பு அடர்த்தியும் குறைவு: 50 மி.கி. மாத்திரை போடலாமா?

வணக்கம் சகோதரி. ஆறு வருட முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டுவாதம்), எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் டி ஸ்கோர் -1.9, அதாவது அடர்த்தி இயல்பைவிடக் குறைவு, ரத்தத்தில் ஜிங்க் (துத்தநாகம்) குறைவு. அதனால் தினமும் 50 மி.கி. ஜிங்க் மாத்திரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான சிஆர்பி 28 என்று எழுதியிருக்கிறீர்களே, என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அழற்சி இருக்கும்போது கல்லீரல் ரத்தத்திலுள்ள ஜிங்க்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆகவே ரிப்போர்ட்டில் குறைவு என்றாலே உடம்பில் பற்றாக்குறை என்று ஆகிவிடாது. சிஆர்பி இறங்கிய பிறகு, காலையில் வெறும் வயிற்றில் மறுபடி பாருங்கள்.

எலும்பைக் கட்டும் செல்களுக்கு ஜிங்க் அவசியம். அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி அது இல்லாமல் வேலை செய்யாது. ஆனால் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுவது அழற்சி. அழற்சியின்போது சுரக்கும் டிஎன்எஃப், ஐஎல்-6 இரண்டும் அந்த அரிக்கும் செல்களைத் தூண்டும் ராங்க்எல் என்ற புரதத்தைக் கூட்டிவிட, கட்டுவதைவிட அரிப்பு முந்திவிடுகிறது. வீக்கம் அடங்காமல் மாத்திரையை மட்டும் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல.

அப்புறம் அந்த 50 மி.கி. விஷயம். பெரியவர்களுக்கான ஜிங்க்கின் தினசரி உச்சவரம்பு அமெரிக்காவில் 40, ஐரோப்பாவில் 25 மி.கி. மாதக்கணக்கில் அதற்கு மேல் போனால் தாமிரம் குறையும். எலும்பின் கொலாஜன் இழைகளைப் பிணைக்கத் தாமிரம் வேண்டும், அதனால் நல்லது செய்யப்போய் எலும்புக்கே கெடுதலாகலாம்.

எலும்பை மெலிய வைக்கக்கூடிய ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் எடுக்கிறீர்களா? எழுதவில்லையே. எடுத்தால் அளவையும் எத்தனை மாதம் என்பதையும் குறித்துக்கொண்டு, இந்த ஸ்கேனோடு மூட்டு மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். அந்த ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிட மட்டும் வேண்டாம்.