தளம் காய்ந்ததா, முதலில் அதைச் சொல்லுங்கள்
வாசகர் கேள்வி – பதில்: எபாக்ஸி தரை

(ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்து தரையில் ஊற்றி இறுகவிடும் பூச்சுதான் எபாக்ஸி. கோவையில் எபாக்ஸி தரை வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர் இந்த இதழில் பதில் சொல்கிறார். மருந்துத் தொழிற்சாலை, நூற்பாலைத் தரைகளில் தொழில் பழகியவர். இப்போது வீடு, கடை வேலைகளும் செய்கிறார்.)

கேள்வி: நாகப்பட்டினத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. தரைத்தளம், பழைய சிமென்ட் தரை. ஹாலுக்கு மெட்டாலிக் எபாக்ஸி போட ஆசை. இரண்டே நாளில் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: ஆசைப்படுவதில் தப்பில்லை அம்மா. மைக்காத் தூள் கலந்த எபாக்ஸியை ஊற்றிக் கலைத்துவிட்டால் அது தானே ஓடிச் சேர்ந்து, ஒரு வீட்டில் விழுந்த கோலம் இன்னொரு வீட்டில் விழாது. அழகுதான். ஆனால் நாகப்பட்டினம், தரைத்தளம், தாத்தா காலத்து வீடு என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்களே, எனக்கு அங்கேதான் பயம்.

அந்தக் காலத்து வீடுகளில் தளத்துக்கு அடியில் பாலிதீன் விரிக்கும் வழக்கமில்லை. மண்ணிலுள்ள ஈரம் சிமென்ட் வழியாக மெல்ல மேலேறி, நம் கண்ணுக்குத் தெரியாமலே காற்றில் போய்க்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் சுவரோரம் ஓதம் அடித்து உப்புப் பூக்கிறதா, பாருங்கள். அந்தத் தரைமேல் எபாக்ஸி போட்டால் ஈரம் வெளியேற வழி அடைபடும். உப்பும் ஈரமும் அடியில் சேர்ந்து பூச்சைத் தள்ள ஆரம்பிக்கும். சில மாதம் கழித்து மிளகு அளவில் கொப்புளங்கள் கிளம்பும். ஒன்றை ஊசியால் குத்தினால் பிசுபிசுவென்று ஒரு திரவம் வரும். அதற்குப் பிறகு ஒட்டுப்போட்டுப் பயனில்லை. மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான கண்ணாடி பாலிதீன் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு பகல் ஓர் இரவு விடுங்கள். ஹாலில் மூன்று நான்கு இடத்தில் இப்படிச் செய்யுங்கள். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சித்திரையில் சோதித்துவிட்டு ஐப்பசியில் அழாதீர்கள். உங்கள் ஊருக்கு மழை முடிந்த கையோடு பார்ப்பதுதான் சரி. ஈரம் இருந்தால் அதைத் தடுப்பதற்கென்றே தனிப் பிரைமர்கள் (அடிப்பூச்சு) உண்டு, செலவு கூடும். என்னைக் கேட்டால், ஓதம் பலமாக இருக்கும் வீட்டில் எபாக்ஸியே வேண்டாம் என்பேன்.

இன்னொன்று. அந்தத் தரை பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து வளர்த்த சிவப்பு ஆக்சைடு தரையா? எண்ணெய் உள்ளே இறங்கியிருந்தால் பூச்சு அந்த இடத்தில் மட்டும் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகிக் குழி விழும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதாது. எண்ணெய் போகிற ஆழம்வரை வைரக்கல் மிஷினால் கிரைண்டிங் செய்ய வேண்டும்.

அப்புறம் அந்த இரண்டு நாள் கணக்கு. கிரைண்டிங், வெடிப்பு அடைப்பது, பிரைமர், மெட்டாலிக், அதன்மேல் டாப் கோட் என்கிற மேல்பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் காயும் நேரம். இதில் எதை விட்டுவிட்டு இரண்டு நாளில் முடிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அனேகமாகக் கிரைண்டிங்கைத்தான் விடுவார்கள். தூசு, சத்தம், கரண்ட் செலவு எல்லாம் அதில்தானே! வேலை முடிந்த மறுநாள் வெறுங்காலில் நடக்கலாம். சோபா, பீரோவை நகர்த்த மூன்று நாளாவது பொறுங்கள். முழுசாக இறுக ஒரு வாரம் ஆகும்; அதுவரை தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம்.

கேள்வி: திருப்பூரில் 400 சதுர அடியில் துணிக்கடை திறக்கிறோம். இருவரிடம் விலை கேட்டோம். இருவருமே “2 மில்லிமீட்டர் செல்ஃப் லெவலிங்” (ஊற்றினால் தானே சமமாகப் பரவும் எபாக்ஸி) என்கிறார்கள். ஆனால் ஒருவர் கேட்பது மற்றவர் கேட்பதில் பாதிதான். எப்படி?

பதில்: டின்னை எண்ணுங்கள் சார், விடை கிடைத்துவிடும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கனம் நிற்க ஒரு லிட்டர் சரக்கு வேண்டும். இதில் யாரும் வித்தை காட்ட முடியாது. 400 சதுர அடி என்பது ஏறக்குறைய 37 சதுர மீட்டர். 2 மில்லிமீட்டருக்கு 74 லிட்டர். பிரைமர், டாப் கோட் இதில் சேராது. பாதி விலைக்காரர் ரெசினும் ஹார்டனரும் சேர்ந்த இருபது லிட்டர் செட் ஒன்றே ஒன்றை இறக்கினால் உங்கள் தரையில் அரை மில்லிமீட்டர்தான் நிற்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே மினுமினுப்பு. ஸ்டூலை இழுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். அளவைக் கிலோவில் சொன்னால் லிட்டருக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். நிறமில்லாத எபாக்ஸி ஒரு லிட்டர் 1.1 கிலோ சுமார்; மணல் தூள் கலந்தது அதைவிடக் கனக்கும். இதையெல்லாம் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

தளம் புதிதாகப் போட்டதா? 28 நாள் ஆகும்வரை எபாக்ஸி போட எவரையும் உள்ளே விடாதீர்கள். திறப்பு விழா நாள் குறித்தாகிவிட்டது என்பதெல்லாம் சிமென்டுக்குத் தெரியாது.

கேள்வி: மதுரையில் எங்கள் போர்ட்டிகோவில் கார் நிறுத்துகிறோம். மதியத்துக்கு மேல் நேர் வெயில். வெள்ளை எபாக்ஸி போட்டால் நன்றாக இருக்குமா?

பதில்: போட்ட அன்றைக்கு நன்றாக இருக்கும். அங்கே போடுகிற சாதாரண எபாக்ஸி வெயில் பட்டால் மஞ்சளாகும், நாளாக ஆக மேலே சுண்ணாம்புத் தூள் போல உதிரும். வெள்ளையில் அது உடனே கண்ணில் படும். மேல்பூச்சு வெயில் தாங்கும் பாலியூரத்தேனாகவோ பாலி ஆஸ்பார்ட்டிக்காகவோ இருக்கட்டும். நிறம் சாம்பலோ மண் நிறமோ போதும்.

டயர் விஷயமும் இருக்கிறது. அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸி பெரும்பாலும் 50, 60 டிகிரிக்கு மேல் போனால் இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் பைபாஸில் ஓடி வந்த டயரின் சூடு அதற்குப் போதும். நின்ற இடத்தில் டயர் ஆறிச் சுருங்கும்போது, பிடிப்புக் குறைவான பூச்சு டயரோடு சேர்ந்து பெயர்ந்து வரும். இங்கேயும் கிரைண்டிங் செய்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. மழைக்கு வழுக்காமல் இருக்க மேல்பூச்சில் குவார்ட்ஸ் மணல் தூவச் சொல்லுங்கள். தூவினால் பளபளப்புக் குறையும். வாசலில் வழுக்கி விழுவதைவிட அது தேவலை.

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. மங்கிவிட்டது. அதன்மேல் நிறமில்லாத எபாக்ஸி ஊற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். கண்ணாடியில் வார்த்துக் கையால் செய்த கல் அது. துடைக்கத் துடைக்க, நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். எபாக்ஸி ஊற்றினால் அந்த மெருகு கிடைக்காது. பிறகு மனம் மாறி உரிக்க நினைத்தால் பூவும் சேர்ந்தே வரும். எனக்கு ஒரு வேலை போனாலும் பரவாயில்லை.

கேள்வி: நாங்களே போட்டுப் பார்க்கலாம் என்று மாடி அறைக்கு ஒரு செட் வாங்கினோம். கலக்கி வைத்த வாளி சூடாகிப் புகைந்து கல்லாகிவிட்டது. சரக்கு கெட்டதா?

பதில்: சரக்கு நல்ல சரக்குதான். வீட்டில் உடைந்த பீங்கானை ஒட்ட இரண்டு டியூப்பைப் பிதுக்கிக் கலப்போமே அரால்டைட், அதுவும் இதுவும் ஒரே குடும்பம். ரெசினும் ஹார்டனரும் சேர்ந்தால் சூடு கிளம்பும். பொட்டு அளவு கலந்தால் அந்தச் சூடு தெரியாது. ஒரு வாளி கலந்து அப்படியே வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல், சூட்டினாலேயே இன்னும் வேகமாக இறுகும். கலந்த உடனே தரையில் நீளவாக்கில் ஊற்றிவிட வேண்டும். மெல்லியதாகப் பரவினால் நிதானமாக வேலை செய்யலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், ஆனால் விகிதத்தைக் கண் அளவில் போடாதீர்கள். பெயின்ட் மாதிரி ஹார்டனரை அதிகம் ஊற்றினால் சீக்கிரம் காயும் என்று நினைப்பவர்கள் உண்டு. காயாது, காலம் முழுக்கப் பிசுபிசுக்கும்.

மாடி என்பதால் சாயங்காலம் ஊற்றுங்கள். காலையில் ஊற்றினால் வெயில் ஏற ஏறத் தளத்தின் துளைகளிலுள்ள காற்று விரிந்து பூச்சில் ஊசித்துளை விழும். ஆனால் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் மட்டும் வேண்டாம். ஈரக்காற்றில் மேலே பால் படர்ந்தது போல வெளுக்கும்; அதைக் கழுவாமல் அடுத்த கோட் அடித்தால் உரிந்து வரும். அதோடு ஈசல். விளக்கைப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியே கூட்டமாக வந்து விழும். ஒவ்வொன்றாகக் கிடுக்கியால் எடுத்தாலும் இறக்கை ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: என் கணவர் எபாக்ஸி வேலைக்குத்தான் போகிறார். கொஞ்ச நாளாக மணிக்கட்டிலும் கண்ணைச் சுற்றியும் அரிப்பு, தடிப்பு. வேலையை மாற்றினால்தான் சரியாகுமா?

பதில்: முதலில் தோல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் அம்மா. போகும்போது அவர் புழங்கும் ரெசின், ஹார்டனர் டின்களின் லேபிளைப் படம் பிடித்துக் கொண்டு போகட்டும். இறுகாத எபாக்ஸியும் ஹார்டனரும் தோலில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை. ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் கிளம்பும். எங்கள் தொழிலில் இதனால் வேலையை விட்டவர்கள் உண்டு. வேலையில் தொடரலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி. கையில் பட்டால் தின்னர் போட்டுத் தேய்க்கவே கூடாது, அது எபாக்ஸியைத் தோலுக்குள் இறக்கிவிடும். சோப்பும் தண்ணீரும் போதும். வேலைச் சட்டையைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். கிரைண்டிங் வேலை என்றால் நல்ல முகக்கவசம் கட்டாயம். சிமென்ட் தூசு நுரையீரலுக்குப் பகை. கையுறையும் கவசமும் வாங்கித் தருவது ஒப்பந்தக்காரரின் செலவு, ஆளின் கூலியில் பிடிக்கிற செலவு இல்லை.

கேள்வி: குளியலறையில் மீன் நீந்துகிற மாதிரி 3டி தரை போடலாமா?

பதில்: போடலாம். அச்சடித்த ஷீட்டை ஒட்டி அதன்மேல் நிறமில்லாத எபாக்ஸி ஊற்றுவதுதான் 3டி. சோப்புத் தண்ணீரில் அது வழுக்கும், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வேண்டாம். மணல் தூவினால் மீன் மங்கும். மீனா, முழங்காலா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பூஜை அறையில் எபாக்ஸி போட்டிருக்கிறோம். எண்ணெய், மஞ்சள், கற்பூரம் எல்லாம் தாங்குமா?

பதில்: எண்ணெய் துணியால் துடைத்தால் போய்விடும். மாக்கோலமும் அரிசி மாவும் ஒன்றும் செய்யாது. மஞ்சள் கறை பிடிக்கும். உடனே துடையுங்கள், மிச்சம் இருப்பது வெயில் படும் இடமென்றால் தானாக வெளிறும். கற்பூரத்தை மட்டும் தரையில் நேராக ஏற்றாதீர்கள், தட்டில் ஏற்றி, தட்டுக்கு அடியில் ஒரு கல்லோ மணையோ வையுங்கள். கருகிய வட்டத்தை மட்டும் தேய்த்துப் பூசலாம், ஒரே நிறத் தரையாக இருந்தால். மெட்டாலிக் என்றால் அந்த ஒட்டு தனியாகத் தெரியும்.