வீணை, மிருதங்கம், குழல்: இணையத்தில் ஏமாறாமல் வாங்க கேள்வி பதில்

கர்நாடக இசைக் கருவிகள் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன். கேட்பதற்கு முன் உங்கள் கட்டை (பாடும், வாசிக்கும் ஆதார சுருதி) எது என்று எழுதுங்கள். கட்டை தெரியாமல் கருவி வாங்க முடியாது.

மதுரையிலிருந்து: பத்து வயது மகளுக்கு வீணை பார்க்கிறோம் ஐயா. ஒரு தளத்தில் "தஞ்சாவூர் ஏகாண்ட வீணை" மற்ற இடங்களைவிடப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஏகாண்டமா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். குடத்திலிருந்து தண்டி (கழுத்து), யாளி (தலைப்பகுதி) வரை ஒரே பலா மரத்தில் குடைந்தால்தான் ஏகாண்டம். தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை. மேல் பலகைகள் இரண்டு வகையிலும் தனியாகச் செய்து பொருத்துவதுதான், அவற்றை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வீணையைக் கவிழ்த்து, குடமும் தண்டியும் சேரும் இடத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மர ரேகை குடத்திலிருந்து தண்டிக்குள் அறுபடாமல் ஓட வேண்டும். அந்த இடத்தில் அகலமான அலங்காரப் பட்டையோ கெட்டியான பெயிண்டோ இருந்தால் ரேகை தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு ஏகாண்ட விலை கொடுக்க வேண்டாம்.

பாதி விலை என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் மரம் காயவில்லை என்பதுதான். ஈரம் போகாத பலா வீட்டுக்கு வந்தபின் சுருங்கும். மேல் பலகை விளிம்பில் தூக்கும், பிரடைத் துளை கோணலாகி பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) நிற்காமல் நழுவும். மரம் எப்போது அறுத்தது, எவ்வளவு காலம் காய்ந்தது என்று கேளுங்கள். செய்தவருக்குப் பதில் தெரியும். வாங்கி விற்பவர் பேச்சை மாற்றுவார்.

அடுத்தது மேளம், அதாவது விரல் வைத்து வாசிக்கும் மெட்டுகளின் அமைப்பு. 24 மெட்டுகளும் மெழுகின்மேல்தான் நிற்கின்றன. வீடியோ அழைப்பில் சாரணியை (முதல் தந்தியை) வெறுமனே மீட்டச் சொல்லுங்கள், பிறகு 12ஆம் மெட்டில், பிறகு 24ஆம் மெட்டில். மூன்றும் சட்ஜம், ஒவ்வொன்றும் ஒரு ஸ்தாயி மேலே. நீங்கள் இந்தப் பக்கம் டியூனர் செயலியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் தந்திகளிலும் 12ஆம் மெட்டு அந்தந்தத் தந்தியின் மேல் ஸ்தாயியைத் தர வேண்டும். நான்கிலும் ஒரே அளவு ஏறியோ இறங்கியோ இருந்தால் அந்த மெட்டு நகர்ந்திருக்கிறது. ஒரு தந்தியில் மட்டும் என்றால் தந்தி பழசு, மாற்றினால் சரியாகும்.

அனுப்பும்போது தண்டிக்கு அடியிலுள்ள சுரைக்காயைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். தந்திகளைத் தளர்த்தி, குதிரைக்கும் (குடத்தின்மேல் தந்திகளைத் தாங்கும் பாலம்) மெட்டு வரிசைக்கும் மேல் துணி மெத்தை வைத்து, வெளியே மரப்பெட்டி. வெறும் அட்டைப்பெட்டி போதாது. சித்திரை, வைகாசியில் வரவழைக்காதீர்கள். லாரி கூண்டுக்குள் ஏறும் சூட்டில் மெழுகு இளகினால் மெட்டுகள் சாயும், பிறகு ஆள் வைத்து மேளம் கட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று: முழு அளவு வீணை சுமார் 4 அடி. யாளிப் பக்கத்து மெட்டுகளுக்குக் குழந்தையின் இடது கை எட்டுகிறதா என்று ஆசிரியர் வீட்டு வீணையில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அளவைச் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து: பழைய மிருதங்கம் விற்பனைக்குப் போட்டிருந்தேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்பவர் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார். பணம் போட ஒரு க்யூஆர் படம் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்கிறார்.

பதில்: செய்யாதீர்கள். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் எண் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். ஏற்கனவே போயிருந்தால் இந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், பிறகு வங்கிக்கு.

திருச்சியிலிருந்து: மிருதங்கம் 22 அங்குலமா 24 அங்குலமா?

பதில்: கட்டையைச் சொல்லவில்லையே. ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டையில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் 24. பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை என்றால் 22. ஒன்றரைக்குக் கட்டிய தோல் மூட்டின் வாரை இழுத்து ஐந்துக்கு ஏற்ற முயன்றால் வலந்தலை (வலப்பக்கத் தோல்) கிழியும்.

படத்தில் எல்லா மிருதங்கமும் பளபளவென்றுதான் இருக்கும். வார்களுக்கு நடுவே டார்ச் அடித்து, மர உடலைச் சுற்றிலும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்த வெடிப்பு வார்னிஷுக்கு அடியில் வேறு நிறத்தில் கோடாகத் தெரியும். பிறகு வலந்தலையில் 16 கண்களுக்கும் (விளிம்பில் வார் நுழையும் இடங்கள்) நேராக ஒவ்வொரு தட்டு. எல்லா இடத்திலும் ஒரே சுருதி வர வேண்டும். ஓரிரண்டு இடம் விலகினால் தட்டிச் சேர்க்கலாம். பாதிக்கு மேல் விலகி, கரணையும் (நடுவிலுள்ள கருப்புப் பூச்சு) பொரிந்திருந்தால் மூட்டு மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். அனுப்பப்போகும் அதே மிருதங்கத்தில் வாசித்துக் காட்ட வேண்டும், கடையில் வைத்திருக்கும் மாதிரியில் அல்ல.

கோவையிலிருந்து: எந்தத் தளம் நம்பகமானது? லிங்க் கொடுங்களேன்.

பதில்: தளம் கருவி செய்வதில்லை. விற்பவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, புகார் அதிகாரி யார் என்று அந்தப் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி இவை இருந்தாக வேண்டும். இல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

மும்பையிலிருந்து: "ஜி பான்சுரி" என்று வாங்கினேன். ஆறு துளைதான் இருக்கிறது. ஆசிரியர் இது வேண்டாம் என்கிறார்.

பதில்: ஆசிரியர் சொல்வது சரி. அது இந்துஸ்தானிக் குழல். கர்நாடகக் குழலில் விரல் துளைகள் எட்டு, சட்ஜம் பிடிக்கும் இடமும் வேறு. திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். "ஐந்து கட்டை, எட்டுத் துளை, கர்நாடகக் குழல்" என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாசித்துக் காட்டும்போது நடு ஸ்தாயி சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் மூன்றையும் நீட்டி ஊதச் சொல்லுங்கள். குளிர்ந்த குழல் சற்றுச் சுருதி இறங்கித்தான் பேசும், அதனால் கொஞ்ச நேரம் ஊதிய பிறகு டியூனரைப் பாருங்கள்.

சென்னையிலிருந்து: ஏகாண்டம் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒட்டு போதும் என்பதுபோல் எழுதிவிட்டீர்கள். ஒட்டு வீணையில் நாதம் வருமா? ஒட்டுப் போட்ட இடத்திலேயே அதிர்வு செத்துவிடும்.

பதில்: ஒட்டு நன்றாக இறுகியிருந்தால் அதிர்வு நிற்பதில்லை. தந்தியின் அதிர்வு முதலில் குதிரைக்கு, அங்கிருந்து குடத்தின் மேல் பலகைக்குப் போகிறது. பலகை எவ்வளவு கனம், குதிரைத் தகட்டின் வளைவு சரியாக இழைத்திருக்கிறதா, மரம் காய்ந்ததா, இந்த மூன்றும்தான் நாதத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. தகடு தட்டையாக இருந்தால் ஏகாண்டமும் மொட்டையாகத்தான் ஒலிக்கும்.

மீண்டும் சென்னை: அப்படியானால் ஏகாண்டத்துக்கு ஏன் அவ்வளவு விலை? பெரிய வித்வான்கள் கண்மூடித்தனமாகவா வாங்குகிறார்கள்?

பதில்: இல்லை. 4 அடிக்கு முடிச்சும் வெடிப்பும் இல்லாத பருத்த பலா கிடைப்பது அரிது, குடையும்போது ஓர் இடம் பிளந்தால் முழு மரமும் வீண். விலை அதற்கு. நல்ல மரத்தில் நல்ல கையால் செய்தால் அதற்கென ஒரு கார்வை உண்டு, நான் மறுக்கவில்லை. என் கவலை வேறு. முதல் வீணை வாங்கும் பெற்றோர் அந்த ஒரு சொல்லுக்காகக் கடன் வாங்கி, கடைசியில் பட்டை மறைத்த ஒட்டு வீணையைப் பெறுகிறார்கள். அதே பணத்துக்கு நேர்மையாக "ஒட்டு" என்று சொல்லி விற்பவரிடம் இதைவிடச் சிறந்த கருவி கிடைத்திருக்கும்.

தஞ்சையிலிருந்து: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒட்டு வீணை பத்து வருடத்தில் விட்டுவிடும் என்பார்களே?

பதில்: ஈரச் சுவரோரம் சாய்த்து வைத்தால் விடும். பெயர்ந்தாலும் திரும்ப ஒட்டலாம். ஏகாண்டத்தில் குடம் வெடித்தால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது. அது ஊருக்கும் செய்முறைக்கும் கிடைத்த காப்பு, ஏகாண்டம் என்பதற்கான சான்று அல்ல. விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகிறார்கள். இந்த விவாதத்தை இத்துடன் விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பெங்களூரிலிருந்து: வயலின் பார்சலில் வந்தது. ஆட்டினால் உள்ளே ஒரு குச்சி உருளுகிறது.

பதில்: சவுண்ட் போஸ்ட் விழுந்திருக்கிறது. தந்தியை முறுக்கவே முறுக்காதீர்கள், தாங்கும் குச்சி இல்லாமல் மேல் பலகை அமுங்கி வெடிக்கும். எல்லாத் தந்தியையும் தளர்த்தி, வயலின் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். பசை போட்டு ஒட்ட விடாதீர்கள், அது அழுத்தத்தில் மட்டும் நிற்க வேண்டியது.

திருநெல்வேலியிலிருந்து: உள்ளே "ஸ்ட்ராடிவாரியஸ் 1721" என்று சீட்டு ஒட்டிய பழைய வயலின் விலைக்கு வருகிறது சார்!

பதில்: ஜெர்மனியிலும் செக் நாட்டுப் பகுதியிலும் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் ஒட்டிய சீட்டு அது. சீட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். கழுத்து நேராக இருந்து, பலகையில் வெடிப்பு இல்லாவிட்டால் பழைய வயலின் விலைக்கு வாங்கலாம்.

ஈரோட்டிலிருந்து: ஒரிஜினல் உடும்புத் தோல் கஞ்சிரா இணையத்தில் கிடைக்குமா?

பதில்: வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் சிக்குவார். ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல் வாங்குங்கள். யானைத் தந்தம், மான் கொம்பு பதித்த பழைய வீணைகளுக்கும் இதையே சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து: நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் எடுப்பிக்க யோசிக்கிறம் ஐயா. எதைப் பார்க்க வேணும்?

பதில்: ஆச்சா மரம்தானா என்று கேளுங்கள், அதுவரைதான் என்னால் சொல்ல முடியும். துளை அளவையும் சீவாளியின் (வாயில் வைத்து ஊதும் துண்டு) பொருத்தத்தையும் வாசிக்கும் ஒரு வித்துவான்தான் சொல்ல வேண்டும். அவரை வீடியோ அழைப்பில் கூட வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள்.

டொராண்டோவிலிருந்து: கருங்காலி, ஈட்டி மரப் பாகங்கள் இருந்தால் சுங்கத்தில் பிடிப்பார்களா?

பதில்: ஈட்டி இனத்துக்கு 2017இல் வந்த சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) கட்டுப்பாட்டிலிருந்து முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. பிரேசில் ஈட்டிக்கு மட்டும் விலக்கு இல்லை. எந்த மரம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஓசூரிலிருந்து: நல்ல சைட் லிங்க் ப்ளீஸ்.

பதில்: கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூரிலிருந்து: மிருதங்கம் வாங்கணும், எந்த சைஸ் நல்லது?

பதில்: கட்டை? திருச்சிக்குச் சொன்னதைப் படித்துவிட்டு, ஆசிரியரிடம் கட்டையைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: குடம் வெடித்த வீணை வந்திருக்கிறது. விற்பவர் "உங்கள் வீட்டில்தான் உடைந்தது" என்கிறார். என்ன செய்வது?

பதில்: பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா? எடுத்திருந்தால், அனுப்புநர் சீட்டிலிருந்து வெடிப்பு வரை வெட்டாமல் அனுப்புங்கள். எடுக்கவில்லை என்றால் பெட்டி, உள்ளே வைத்த பஞ்சு, சீட்டு எதையும் எறியாதீர்கள். பெட்டியில் அடி விழுந்த இடமும் வெடிப்பும் நேருக்கு நேர் இருந்தால் இரண்டையும் ஒரே படத்தில் காட்டுங்கள். தளத்தின் புகார் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவரை தந்திகளைத் தளர்த்தியே வைத்திருங்கள், இழுப்பில் வெடிப்பு நீளும்.