வெள்ளைத் தாளைத் தூக்கினால் முகம் ஏன் கறுக்கிறது?

கேள்வி: வீட்டில் ஓர் அறையில் உட்கார்ந்து, ஃபோனை ட்ரைபாடில் மாட்டி, கணக்குப் பாடங்களை நானே எடுத்து வெளியிடுகிறேன். பக்கவாட்டில் ஜன்னல், எதிரே ஒரு ரிங் லைட். கணக்கு எழுதிய தாளைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் என் முகம் கறுத்துவிடுகிறது; கீழே வைத்ததும் வெளுக்கிறது. துண்டு துண்டாக எடுத்ததைச் சேர்த்தால் ஒன்றில் மஞ்சளாக இருக்கிறேன், அடுத்ததில் நீலமாக. நல்ல கேமரா வாங்கச் சொல்கிறார் ஒருவர். எடிட்டிங்கில் நிறத்தை மாற்றித் தரும் கலர் பேக் ஒன்றைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது? ஏற்கெனவே எடுத்த 12 பாடங்கள் தேறுமா?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். அந்த கலர் பேக்கை நிச்சயமாக வாங்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். 12 பாடங்களில் பெரும்பகுதி தேறும்.

உங்கள் ஃபோனில் கோளாறு எதுவும் இல்லை. ஆட்டோ முறையில், அதாவது எல்லாவற்றையும் தானே முடிவு செய்யும் நிலையில், இருக்கும் கேமரா, ஃப்ரேமுக்குள் விழும் மொத்த வெளிச்சத்தைப் பார்த்து, அதன் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் அளவில் நிற்கும்படி ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். வெள்ளைத் தாள் உள்ளே வந்ததும் வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று கணக்குப் போட்டு எல்லாவற்றையும் இறக்குகிறது. தாளோடு சேர்ந்து உங்கள் முகமும் இறங்குகிறது. முகத்தைக் கண்டுபிடித்து அதற்கு முன்னுரிமை தரும் ஃபோன்கள் உண்டு. தாள் முகத்தை மறைத்ததும் அவையும் பழையபடிதான் நடந்துகொள்ளும்.

நிறமும் இப்படித்தான் மாறுகிறது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். மஞ்சள் பல்பின் ஒளி ஏறத்தாழ 2700 முதல் 3200 கெல்வின், வெயில் நேரத்துப் பகல் வெளிச்சம் 5500 பக்கம், மேகமும் நிழலும் அதற்கு மேலே. எண் கூடக் கூட ஒளியில் நீலம் கூடும். எது வெள்ளை என்று கேமரா ஒவ்வொரு கணமும் ஊகித்து, அதற்கேற்ப நிறத்தைத் திருப்புகிறது. ஒயிட் பேலன்ஸ் என்பது இதுதான். நீங்கள் முன்னால் சாய்ந்தாலோ, வண்ணப் புத்தகம் ஒன்றைக் காட்டினாலோ ஊகம் மாறும், நிறமும் மாறும்.

ஆகவே நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கேமரா எந்த முடிவும் எடுக்கக் கூடாது. எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பதிவைத் தொடங்கும் முன்பே பூட்டிவிட வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷரும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். நிறமும் அதோடு பூட்டிக்கொண்டது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். அது பூட்டிக்கொள்வதில்லை. ஐஃபோனில் ஒயிட் பேலன்ஸைப் பூட்டும் வசதி கேமரா திரையிலேயே இல்லை. அமைப்புகளுக்குள் போய், கேமரா, அப்புறம் வீடியோ பதிவு என்று தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தாலும் அது ஒரு பதிவு ஓடும்வரைதான் நிறத்தை நிறுத்தி வைக்கும். அடுத்த துண்டைத் தொடங்கும்போது மறுபடி ஓர் ஊகம். தன்னைத்தானே படம்பிடிக்கும் கோடிக்கணக்கானவர்கள் கையில் இருக்கும் கருவி இது. ‘இந்த நிறத்திலேயே நில்’ என்று சொல்ல ஒரு பொத்தானை முகப்பில் வைக்க ஏன் இத்தனை தயக்கம்? அழகுபடுத்தும் ஃபில்டருக்கு மட்டும் பல ஃபோன்களில் முகப்பிலேயே இடம் கிடைக்கிறது.

அதனால் கெல்வின் எண்ணைக் கையால் வைக்க விடும் ஆப் ஒன்றுக்கு மாறிவிடுங்கள். பிளாக்மேஜிக் கேமரா இலவசம்; ஐஃபோனுக்கும் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கும் கிடைக்கிறது. சாம்சங் ஃபோன்கள் பலவற்றில் ப்ரோ வீடியோ என்ற பெயரில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, உங்கள் ஊர் மின்சாரத்துக்குப் பொருந்த வையுங்கள்: 50 ஹெர்ட்ஸ் என்றால் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120 விநாடி. இல்லாவிட்டால் விளக்கின் துடிப்பு படத்தில் கோடுகளாக ஓடும். ஒயிட் பேலன்ஸில் 5600 போன்ற ஓர் எண்ணை வைத்து, அதை ஒரு தாளில் எழுதி ட்ரைபாடிலேயே ஒட்டிவிடுங்கள். மிச்சம் இருப்பது ஐஎஸ்ஓ, பதிவாகும் படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் எண். முகம் சரியாகத் தெரியும்வரை ஏற்றி, அங்கேயே நிறுத்துங்கள். மிகப் பளிச்சென்ற பகுதியையும் இருண்ட பகுதியையும் சேர்த்துக் காட்ட முயலும் எச்டிஆர் வீடியோவை அணைத்து வையுங்கள். ஒரே துண்டு ஒவ்வொரு திரையில் ஒவ்வொரு மாதிரி தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

தனியாக எடுப்பவருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நாற்காலியில் நீங்கள் இருந்தால் கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லை. அதனால் பத்து விநாடி ஓடவிட்டு, சாம்பல் அட்டை ஒன்றை முகத்தருகே பிடித்துக் காட்டுங்கள். 18 சதவீத சாம்பல் அட்டை என்று கேட்டால் புகைப்படப் பொருள் விற்கும் கடைகளில் தருவார்கள். எழுந்து போய்ப் பாருங்கள், திருத்துங்கள், திரும்ப உட்காருங்கள். அதன் பிறகு ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் மூன்று விநாடி அந்த அட்டையைக் காட்டுங்கள். பிற்பாடு இரண்டு துண்டுகளை ஒப்பிட அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது. வெள்ளைத் தாளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அச்சுத் தாளைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் பொருள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை நீல ஒளியாக மாற்றித் தரும். ஜன்னலோரம் அது உண்மையான வெள்ளை இல்லை.

இனி வெளிச்சம். கேமராவைப் பூட்டிவிட்டால், அதுவரை அது மூடி மறைத்துக்கொண்டிருந்த வெளிச்ச மாற்றம் எல்லாம் அப்படியே படத்தில் விழும். உங்கள் அறையில் ஜன்னலும் ரிங் லைட்டும் சேர்ந்து எரிகின்றன. கன்னத்தின் ஒரு பாதி ஒரு நிறம், மறுபாதி வேறு நிறம். எந்த ஒயிட் பேலன்ஸ் எண்ணும் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்யாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு என் பரிந்துரை: ஜன்னலைத் தடித்த திரையால் மூடிவிட்டு விளக்கை மட்டும் நம்புங்கள். விளக்கை முகத்துக்கு மிக அருகில் வைக்கவும் வேண்டாம். அரை மீட்டரில் விளக்கு இருக்க, பேச்சு வேகத்தில் நீங்கள் 15 சென்டிமீட்டர் முன்னால் சாய்ந்தால் முகத்தில் விழும் ஒளி ஏறத்தாழ இரண்டு மடங்காகும். விளக்கு ஒரு மீட்டரில் இருந்தால் அதே அசைவுக்கு 40 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கூடும். நாற்காலிக் காலுக்கும் ட்ரைபாட் காலுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே லேப்டாப் திறந்திருந்தால் அதன் திரை நிறமும் முகத்தில் அடிக்கும், மூடிவிடுங்கள்.

ஜன்னலை மூடவே முடியாது, விளக்கும் போதவில்லை என்றால்? இது பலருடைய நிலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அப்போது விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒயிட் பேலன்ஸைப் பூட்டியே வையுங்கள். நிறம் மெல்ல நகரும், ஆனால் அது படிப்படியான நகர்வு, பின்னால் திருத்திவிடலாம். எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள், ஆனால் ஒரு துண்டுக்கு மட்டும். நான்கைந்து நிமிடத்துக்கு மேல் ஒரு துண்டு ஓட வேண்டாம். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் அட்டையைப் பிடித்து, முதல் துண்டில் அது தெரிந்த அளவுக்கே மறுபடி தெரியும்படி ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். திருத்தம் எப்போதும் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில்தான், பேசும்போது கிடையாது. வானம் முழுக்க ஒரே சீராக மேகம் மூடியிருந்தால் அது நல்ல நாள், அன்று நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலும் மேகமும் மாறி மாறி வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். பாதி வாக்கியத்தில் வெயில் போய்விட்டதா? அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி சொல்லுங்கள். காலையில் எடுத்த பாடத்தில் விட்டுப்போன வரியை மாலையில் எடுத்து நடுவில் செருகாதீர்கள். மறுநாள் காலை அதே நேரத்தில் எடுங்கள். நேரம் பொருந்தினாலும் அட்டையைக் காட்டிச் சரிபார்த்த பிறகுதான்.

சரி, கலர் பேக். அதற்குள் இருப்பவை ‘லட்’ எனப்படும் நிற அட்டவணைகள். இன்ன நிறம் உள்ளே வந்தால் இன்ன நிறமாக வெளியே அனுப்பு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மூன்றாவது நிமிடத்தில் உங்கள் முகம் கறுத்தது அதற்குத் தெரியாது. கறுத்த முகத்தையும் வெளுத்த முகத்தையும் ஒரே மாதிரி மாற்றும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அப்படியே நிற்கும். பெரும்பாலான பேக்குகள் கான்ட்ராஸ்ட்டை ஏற்றுகிறவை, ஆகவே வித்தியாசம் இன்னும் பெரிதாகும். விற்பவர் காட்டும் முன்-பின் படங்கள் ஏற்கெனவே ஒழுங்காக வெளிச்சம் வைத்து எடுத்தவை. அதை அவர் சொல்லமாட்டார்.

இதே ஆட்கள் ‘லாக் ப்ரொஃபைலில் எடுங்கள், அப்போதுதான் எங்கள் பேக் வேலை செய்யும்’ என்பார்கள். சாம்பலாகத் தெரியும் அந்தப் பதிவு முறை, நன்றாகப் பழகியவர்களுக்கானது. 8 பிட் பதிவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 10 பிட்டில் 1024. 8 பிட்டில் லாக் எடுத்து இழுத்துத் திருத்தினால் பின்சுவர் பட்டை பட்டையாக உடையும். நீங்கள் சாதாரண முறையிலேயே எடுங்கள். எக்ஸ்போஷரும் நிறமும் எடுக்கும்போதே சரியாக இருந்தால் பேக் எதற்கு?

விளக்கு விற்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. பெட்டியில் சிஆர்ஐ 95 என்று பெரிதாகப் போட்டிருக்கும். விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. அந்த எண், வெளிறிய எட்டு நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது. மனிதத் தோலுக்கோ சிவப்புதான் உயிர். அடர் சிவப்புக்கான தனி மதிப்பெண்ணான ஆர்9 எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். நான் ஒரு முறை ஒரே பெட்டி, ஒரே எண் போட்ட இரண்டு விளக்குகளை வாங்கினேன். ஒன்று இலேசான பச்சை. திருப்பிக் கொடுக்கப் போனால், கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்துக்கு மாற்றித் தர முடியாது என்றார்கள். கண்ணுக்குத் தெரியவில்லைதான், கேமராவுக்குத் தெரிந்தது. அந்த விளக்குகளை வைத்து எடுத்த ஒரு பேட்டியில் முகத்தின் ஒரு பாதியை மட்டும் தனியாகப் பிரித்து நிறம் திருத்த எனக்கு மூன்று இரவு ஆனது. அதிலிருந்து, எந்த விளக்கு வாங்கினாலும் வெள்ளைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் அடித்து, ஒயிட் பேலன்ஸைப் பூட்டி ஒரு முறை படமெடுத்துப் பார்க்காமல் கடையை விட்டு வருவதில்லை. வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, ஷட்டரை 1/500க்கு ஏற்றியும் பாருங்கள். பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு வேண்டாம்.

இனி உங்கள் 12 பாடங்கள். உட்காரும் முன் எடிட்டிங் திரையில் இரவு நேர மஞ்சள் ஃபில்டரையும், தானாக மாறும் பிரைட்னஸையும் அணைத்துவிடுங்கள். துண்டுக்குத் துண்டு மட்டும் நிறம் மாறியிருந்தால் கவலையில்லை. இருப்பதிலேயே நல்ல துண்டு ஒன்றை அளவுகோலாக வைத்து, மற்றவற்றை அதன் அருகில் நிறுத்தி, முதலில் முகத்தின் வெளிச்சத்தைப் பொருத்துங்கள், அப்புறம் நிறத்தை. வரிசை மாறினால் சுற்றிச் சுற்றி வருவீர்கள்.

தாளைத் தூக்கும் இடங்களில் திருத்தவே வேண்டாம். அந்த நொடியில், தாளில் எழுதிய கணக்கை மட்டும் தனியாக எடுத்து முழுத் திரைக்கும் போடுங்கள். குரல் கீழே ஓடட்டும். முகம் கறுத்தது யாருக்கும் தெரியாது, மாணவர்களுக்கும் கணக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நெற்றியும் கன்னமும் சுத்தமாக வெளுத்துப்போன இடங்களில் மட்டும் எந்தத் திருத்தமும் பலிக்காது, ஏனென்றால் அங்கே பதிவில் தகவலே இல்லை. அந்த வாக்கியங்களைக் குறித்துக்கொண்டு மறுபடி எடுத்துவிடுங்கள். அன்று போட்டிருந்த அதே சட்டையைப் போட்டுக்கொள்ள மறக்க வேண்டாம். சட்டை நிறம் மோவாயில் பிரதிபலிக்கும்.