36 மணி நேரம்

அன்புள்ள ஐயா,

1918 இன்ஃப்ளூயன்சா பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் அப்போதே ஊருக்கு ஊர் சுகாதார அதிகாரி இருந்திருக்கிறார். இருந்தும் எப்படிக் கோட்டை விட்டார்கள்? போதிய தரவு இல்லாததுதானே காரணம்?

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் பெரியம்மை, டிப்தீரியா, டைஃபாய்டு எல்லாம் இருந்தன, இன்ஃப்ளூயன்சா இல்லை. மருத்துவர்களிலும் பலர் போருக்குப் போயிருந்தார்கள். மான்செஸ்டரின் சுகாதார அதிகாரி ஜேம்ஸ் நிவன் துண்டறிக்கை அடித்துக் கொடுத்தார். சரி, பட்டியலில் இருந்திருந்தால்? 1916-ல் தட்டம்மையைச் சேர்த்துப் பார்த்தார்கள். தகவல் வந்து குவிந்தது, வீடுகளுக்குப் போகத்தான் ஆளில்லை. சில ஆண்டுகளில் அந்த விதியையே கைவிட்டார்கள்.

'போதிய தரவு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. நல்ல வாசகர் நீங்கள், உங்களுக்குமா இந்த வியாதி? அந்த அதிகாரிகளின் ஆண்டறிக்கை ஒன்றையாவது பிரித்துப் பாருங்கள். குழந்தை இறப்புக்கென்றே ஓர் அட்டவணை இருக்கும். ஒரு வாரத்துக்குள், இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், நான்காம் வாரம் என்று கட்டங்கள். இடது ஓரத்தில் வயிற்றுப்போக்கு, வலிப்பு, குறைப்பிரசவம். நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரத்தில் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தரவுக்கா பஞ்சம்?

பிறப்பைப் பதிய சட்டம் தந்த அவகாசம் 42 நாள். அப்பன் சாவகாசமாகப் போய்ப் பதிவதற்குள் முதல் நாலு கட்டத்துக் குழந்தைகளின் கதை முடிந்திருக்கும். அதற்கப்புறம் அதிகாரி எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

ஹடர்ஸ்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து ஊரில் இது சிலருக்கு உறைத்தது. மேயர் பிராட்பென்ட், தன் பதவிக்காலத்தில் லாங்வுட் பகுதியில் பிறக்கும் குழந்தை ஒரு வயதை எட்டினால் ஒரு பவுண்டு தருவதாகச் சொன்னார். எல்லாரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள், பணம் இருக்கிறதல்லவா! எனக்குப் பெரிதாகப் படுவது ஊர் சுகாதார அதிகாரி சாமுவேல் மூரின் ஏற்பாடு. பிறந்த செய்தி உடனே தன் அலுவலகத்துக்கு வந்தாகவேண்டும், வந்ததும் ஒரு பெண் அந்த வீட்டுக்குப் போகவேண்டும். இதற்காக அந்த ஊருக்கென்று 1906-ல் தனிச் சட்டமே வாங்கினார்கள். தாய்ப்பால் கொடு என்று சொல்ல ஆள் வேண்டும். நீண்ட ரப்பர் குழாய் வைத்த பால் புட்டி அப்போது பல வீடுகளில் இருந்தது. அந்தக் குழாயின் உட்புறத்தை யாராலும் கழுவமுடியாது. அதைத் தூக்கிப் போடு என்று வாசலில் நின்று சொல்லவும் ஆள் வேண்டும், அதுவும் முதல் வாரத்திலேயே. 1907-ல் வந்த பொதுச் சட்டம், பிறந்த செய்தியை அதிகாரிக்குத் தெரிவிக்க 36 மணி நேரம் என்று வைத்தது. விரும்பிய ஊர்கள் மட்டும் ஏற்கலாம் என்றிருந்ததை 1915-ல் எல்லா ஊருக்கும் கட்டாயமாக்கினார்கள்.

இறப்பு குறைந்தது இதனால்தானா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். அந்த வழக்கை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் எந்த ஊர் அறிக்கையை எடுத்தாலும், செய்தி எப்போது வந்தது, ஆள் எப்போது போனார் என்பதை முதலில் தேடுங்கள். மொத்தக் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.