நாறிப்போகுமா?

கேள்வி: எழுத்தாளன் கையில் நாட்டைக் கொடுத்தால் நாறிப்போகும் என்கிறான் என் நண்பன். எஸ்டோனியாவில் ஓர் எழுத்தாளர் ஜனாதிபதியாகவே இருந்தாராமே? உங்கள் கருத்து?
- வாசகர், மன்னார்குடி

பதில்: உங்கள் நண்பருக்கு நல்ல மூக்கு. நீங்கள் சொல்லும் லெனார்ட் மெரியை இன்றைக்கும் உலகம் நினைவில் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் நாற்றம்தான்.

1997. ஜப்பான் பயணம் முடித்துத் தலைநகர் தாலின் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார் ஜனாதிபதி. நிருபர்கள் மைக்கோடு காத்திருக்கிறார்கள். மனுஷன் அத்தனை பேரையும் நேரே கழிப்பறைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பேட்டி அங்கேதான். சோவியத் காலத்துக் கட்டடம், சோவியத் காலத்துக் கழிப்பறை. அதன் லட்சணத்தை நாடே பார்க்கட்டும் என்று விட்டார். மனு இல்லை, சுற்றறிக்கை இல்லை, விசாரணைக் கமிஷன் இல்லை. இப்போது அந்த விமான நிலையத்துக்கே லெனார்ட் மெரி பெயர்தான்.

நம் இலக்கிய விழாக்களுக்கு இப்படி ஒருவர் வரமாட்டாரா என்று ஏங்குகிறேன். மேடையில் பதினோரு நாற்காலி, ஆளுக்கொரு பொன்னாடை, மூன்று மணி நேரப் பேச்சு. பின்பக்கம் கழிப்பறைக்குப் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீக்கடையில். அரங்குக்கு வரும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. சிறப்புரையை அந்தக் கழிப்பறையிலேயே வைத்துக்கொண்டால் என்ன? எப்பேர்ப்பட்ட சொல்லின் செல்வரும் நாலு நிமிடத்தில் நன்றியுரைக்கு வந்துவிடுவார். நான் கழிப்பறை பற்றி எழுதும்போதெல்லாம் சந்தாவை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டும் தூய இலக்கிய அன்பர் இதையும் படிப்பார். படிக்கட்டும். சந்தா இன்னும் நிற்கவில்லை.

சரி, கேள்விக்கு வருவோம். மெரி 1941-இல், 12 வயதில், சோவியத் அரசால் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். அங்கே மரம் வெட்டினார், உருளைக்கிழங்குக்குத் தோல் சீவினார். திரும்பி வந்து வரலாறு படித்தார். அந்தத் தொழிலுக்கு விடமாட்டார்கள் என்பதால் தார்த்து நகரின் வானெமுய்னே நாடக அரங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் பயண நூல்கள், ஆவணப்படங்கள், வெளியுறவு அமைச்சர் பதவி, 1992 முதல் 2001 வரை ஜனாதிபதி. 1994-இல் ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சினோடு உட்கார்ந்து கையெழுத்து வாங்கி, ரஷ்யப் படையை ஊருக்கு அனுப்பியவர் இவர்தான். மெரி ஜனாதிபதியான புதிதில் பவுல்-ஏரிக் ரும்மோ என்ற கவிஞர் அமைச்சர். நாவலாசிரியர் யான் கிராஸ் நாடாளுமன்றத்தில் இருந்தார். ஜெர்மானியர், ரஷ்யர் என இரண்டு தரப்புச் சிறையையும் பார்த்தவர்.

அதற்காக எழுத்தாளர் என்றதும் உருகிவிட வேண்டாம். 1940-இல் சோவியத் படை உள்ளே வந்ததும், மாஸ்கோ கைகாட்டிய அரசுக்குப் பிரதமராகப் போய் உட்கார்ந்தவரும் கவிஞர்தான். யொஹான்னஸ் வாரெஸ், புனைபெயர் பார்பரூஸ், தொழில் டாக்டர். ஜூனில் பதவி ஏற்றார். ஆகஸ்டில் நாடே இல்லை. சோவியத் யூனியனில் கரைந்துவிட்டது. உங்கள் நண்பர் இவரைக் காட்டிப் பேசியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

மெரி வேலை பார்த்தாரே, அந்த வானெமுய்னே தொடக்கத்தில் ஒரு பாட்டுச் சங்கம். எஸ்டோனிய நாடக மேடை பிறந்ததும் அங்கேதான், 1870-இல். அந்த முதல் நாடகத்தை எழுதியவர் லிடியா கொய்துலா என்ற கவிஞர். ஜெர்மன் நாடகத்தின் தழுவல்தான். தழுவல் என்றாலே முகம் சுளிக்கும் விமர்சகர்கள் கவனிக்கவும். எழுதியது பெண், ஆனால் பெண் வேடம் கட்டியது ஓர் ஆண். அந்தக் காலத்தில் அங்கேயும் ஸ்திரீபார்ட்டுக்குக் கிராக்கிதான். பிற்பாடு அந்த நாட்டுப் பணமான குரோனில், 100 குரோன் நோட்டில் கொய்துலா படத்தைப் போட்டார்கள். 25 குரோன் நோட்டில் நாவலாசிரியர் தம்சாரே. நம் எழுத்தாளர்களின் சட்டைப்பையில் நோட்டே இருப்பதில்லை, அங்கே நோட்டிலேயே எழுத்தாளர்கள் என்று வயிறெரிந்துகொண்டிருந்தேன். 2011-இல் யூரோ வந்து இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.